எடைக் குறைப்புச் சிகிச்சைக்கு ஹெல்த் இன்சூரன்ஸில் பணம் வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பவானிக்கரை | 2025 நவம்பர் 9

வணக்கம். அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 44, ஈரோட்டில் தனியார் பள்ளி ஆசிரியை. உயரம் 162 செ.மீ., எடை 97 கிலோ. 2022இல் சர்க்கரை கண்டுபிடித்தார்கள். மாத்திரை போட்டும் எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, 9.4இல் நிற்கிறது. மூட்டு வலி வேறு. கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால் மேசையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள்.

கோவையில் ஒரு மருத்துவமனையில் காட்டினோம். முதலில் ஆறு மாத எடைக் குறைப்புத் திட்டம். மாதம் இரண்டு முறை டயட்டீஷியன், ஒரு முறை டாக்டர், தேவைப்பட்டால் எடை குறைக்கும் ஊசி. அதில் சரிவரவில்லை என்றால் ஸ்லீவ் ஆபரேஷன், அதாவது இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு மிச்சத்தைக் குழாய்போல் ஆக்குவது. திட்டத்துக்கு 38,000, ஊசிக்குத் தனி. ஆபரேஷன் மூன்றரையிலிருந்து நாலு லட்சம் ஆகுமாம்.

2021 மார்ச்சில் மாமா (அக்காவின் கணவர்) எடுத்த 5 லட்சம் ஃப்ளோட்டர், அதாவது குடும்பத்துக்கே சேர்த்து ஒரு பாலிசி, இருக்கிறது. இன்றுவரை ஒரு ரினியூவல்கூட விட்டதில்லை. கஸ்டமர் கேரில் கேட்டால், "உடல் எடை சம்பந்தமாக எதுவும் கவர் ஆகாது மேடம்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். நான் மேடம் இல்லை என்பது வேறு விஷயம். உண்மையிலேயே ஒன்றும் கிடைக்காதா?

நடராஜன்67 | நவம்பர் 9

தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ராத்திரி சோறு வேண்டாம், ரெண்டு தோசையோடு நிறுத்தச் சொல்லுங்கள். காலையில் ஒரு மணி நேரம் நடக்கட்டும். எங்கள் தெருவில் ஒருத்தர் இப்படியே 15 கிலோ குறைத்தார். வயிற்றை அறுத்துக்கொள்வதற்கு இன்சூரன்ஸ் வேறு எதற்கு?

முன்னாள்_டிபிஏ | நவம்பர் 9

நடராஜன் ஐயா, அவர் கேட்டது பாலிசி, தோசைக் கணக்கு இல்லை.

பவானிக்கரை, பத்து வருடம் ஒரு டிபிஏவில், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகக் கிளெய்ம்களைக் கவனிக்கும் நிறுவனத்தில், வேலை பார்த்தவன் நான். கஸ்டமர் கேர் சொன்னதில் பாதிதான் சரி. உங்கள் விஷயத்தில் இரண்டு செலவு இருக்கிறது, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

முதலாவது ஆறு மாதத் திட்டம். டயட்டீஷியன், டாக்டர் ஃபீஸ், ஊசி எல்லாமே வெளிநோயாளி செலவு. சாதாரண பாலிசி என்பது படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் என்ற அடிப்படையில் எழுதியது. ஓபிடி ரைடர் (வெளிநோயாளி செலவுக்கான கூடுதல் கவர்) தனியாக வாங்கியிருந்தால் ஒழிய இதற்கு ஒரு பைசா வராது.

இரண்டாவது ஆபரேஷன். 2019 செப்டம்பரில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ எல்லாக் கம்பெனிகளுக்கும் விலக்குகளை (எதற்கெல்லாம் பணம் இல்லை என்பதை) ஒரே வாசகத்தில் எழுதிக் கொடுத்தது. பாலிசிப் புத்தகத்தில் விலக்கு எண் 06 என்று தேடுங்கள். தலைப்பு 'ஒபிசிட்டி, வெயிட் கன்ட்ரோல்'. தலைப்பை மட்டும் படித்துவிட்டுத்தான் கஸ்டமர் கேர் பெண் "கவர் ஆகாது" என்றிருப்பார். உள்ளே இருக்கும் வாசகம் வேறு: கீழ்க்கண்ட எல்லாவற்றையும் பூர்த்தி செய்யாத ஆபரேஷனுக்குத்தான் பணம் இல்லை. டாக்டர் சொல்லிச் செய்ய வேண்டும், மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்டிருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும், பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடை அளவு) 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். 40 இல்லையென்றால் 35ஆவது இருந்து, கூடவே இந்த நான்கில் ஒன்று வேண்டும்: உடல் பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது), கட்டுக்கடங்காத டைப் 2 சர்க்கரை.

உங்கள் அக்காவின் பிஎம்ஐ 37 வருகிறது. எச்பிஏ1சி 9.4. மூட்டு வலி அந்தப் பட்டியலில் இல்லை, அதைப் பெரிதாக எழுதிப் பயன் இல்லை. சர்க்கரைதான் உங்கள் துருப்பு.

நான்கு நோய்களுக்கு முன்னால் ஒரு சின்ன வாசகம் இருக்கிறது. எளிய முறைகளில் எடை குறைக்க முயன்று தோற்ற பிறகு என்று. நான் பார்த்த ரிஜெக்‌ஷன்களில் பாதி இங்கேதான் விழும். திட்டத்துக்குக் காசு தரமாட்டான். ஆனால் திட்டத்தில் சேர்ந்து தோற்றாய் என்பதற்குக் காகிதம் கேட்பான்.

சிறுசேரிவாசி | நவம்பர் 10

ஐடி கம்பெனிகளின் குரூப் பாலிசி கொஞ்சம் வேறு மாதிரி. எங்கள் கம்பெனியில் பேரியாட்ரிக், அதாவது எடைக் குறைப்பு ஆபரேஷன், முதல் நாளிலிருந்தே கவர், காத்திருப்புக் காலம் இல்லை. ஓபிடிக்கு வருடம் 10,000 தனியாக வைத்திருக்கிறார்கள். என் மனைவியின் டயட்டீஷியன் ஃபீஸை நான் அதில்தான் வாங்கினேன். எச்ஆர் அனுப்பும் அழகான பிடிஎஃப்பை நம்பாமல் முழு பாலிசி வாசகத்தையும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் யாராவது நல்ல கம்பெனியில் இருந்து, மனைவியையோ பெற்றோரையோ சேர்க்க முடிந்தால் அந்த வழியையும் பாருங்கள்.

பவானிக்கரை | நவம்பர் 10

மாமா விசைத்தறி வைத்திருக்கிறார், குரூப் பாலிசிக்கு வழியே இல்லை. டிபிஏ அண்ணா, விலக்கு 06ஐப் படித்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது, நன்றி. பேரியாட்ரிக்குக்கு 36 மாதக் காத்திருப்பு என்றும் போட்டிருக்கிறது. அது எங்களுக்கு முடிந்துவிட்டது.

ஆனால் பாலிசியைத் தேடியபோது வேறு ஒன்று கிடைத்தது. பாலிசி எடுக்கும்போது நிரப்பிய ப்ரப்போசல் ஃபார்ம் நகல். அதில் அக்காவின் எடை 68 கிலோ என்று இருக்கிறது. 2021இல் அவள் 85க்குக் குறையாமல் இருந்திருப்பாள். ஏஜென்ட் எங்கள் சொந்தக்காரர்தான். வீட்டுக்கு வந்து காபி குடித்துக்கொண்டே எல்லாக் கட்டத்தையும் அவரே நிரப்பினார். மாமா கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார். இது பிரச்சினை ஆகுமா?

முன்னாள்_டிபிஏ | நவம்பர் 10

ஆகும். பேரியாட்ரிக் கிளெய்ம் வந்தால் கம்பெனி முதலில் எடுக்கும் காகிதமே அந்த ஃபார்ம்தான்.

சர்க்கரை 2022இல் வந்ததால் அதை மறைத்தீர்கள் என்று சொல்ல முடியாது. எடையை மறைத்தீர்கள் என்று சொல்லலாம். இதற்கு மாரட்டோரியம் என்று ஒரு விதி இருக்கிறது. முன்பு 8 வருடம், 2024இல் 60 மாதமாகக் குறைத்தார்கள். இடைவெளியில்லாமல் 60 மாதம் பாலிசி ஓடிவிட்டால், சொல்லாமல் விட்டது, தவறாகச் சொன்னது என்ற காரணத்தைக் காட்டிக் கிளெய்மை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டும் முடியும். உங்களுக்கு அது 2026 மார்ச்சில் நிறைகிறது.

வேலூர்_சேகர் | நவம்பர் 10

அப்புறம் என்ன? வாயை மூடிக்கொண்டு மார்ச் வரை இருங்கள். இப்போது சரியான எடையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தால் பாலிசியையே ரத்து செய்துவிடுவார்கள். சும்மா இருக்கும் சங்கை எதற்கு ஊதிக் கெடுக்க வேண்டும்?

முன்னாள்_டிபிஏ | நவம்பர் 10

சேகர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ரத்து செய்யும் ஆபத்து உண்மைதான். ஆனாலும் நான் எழுதித்தான் கொடுப்பேன். இன்று தெரிந்த பிறகும் மார்ச் ரினியூவலைப் பேசாமல் கட்டிவிட்டு, ஆபரேஷன் சமயத்தில் "ஏஜென்ட் எழுதியது" என்றால் எந்த மேசையிலும் அது நொண்டும். தானாக முன்வந்து திருத்தியவனை மோசடிக்காரன் என்பது கஷ்டம். ஆனால் முடிவு உங்கள் மாமாவுடையது, என்னுடையது அல்ல.

எழுதினால் ரிஜிஸ்டர் தபாலிலும் மெயிலிலும் அனுப்புங்கள். ஏஜென்ட் கையில் கொடுக்க வேண்டாம், காபி குடித்துவிட்டு மறந்துவிடுவார்.

உறையூர்_மல்லிகா | நவம்பர் 11

நான் 2023இல் ஸ்லீவ் செய்துகொண்டவள். இந்த இழையைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் நடராஜன் ஐயாவுக்கு. நான் எட்டு வருடம் நடந்தேன். உறையூரிலிருந்து மலைக்கோட்டை வரை, மழை நாளிலும். குறைந்தது, திரும்ப வந்தது, கூடவே நாலு கிலோவையும் அழைத்து வந்தது. சரி, அது போகட்டும்.

என் பிஎம்ஐ 35.5, கூடவே கடுமையான ஸ்லீப் ஆப்னியா. கார் ஓட்டும்போது சிக்னலில் தூங்கியிருக்கிறேன். கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டும் முறை, கேட்டோம். இரண்டு க்வெரி வந்தது, பதில் சொன்னோம், பிறகு மறுத்துவிட்டார்கள். அன்று வீட்டுக்காரர் ஆபரேஷனே வேண்டாம் என்று பையைக் கட்டத் தொடங்கிவிட்டார். பில்லிங் கவுண்டரில் இருந்த பெண்தான் சொன்னார்: "அக்கா, கேஷ்லெஸ் மறுத்தால் கிளெய்ம் மறுத்ததாக அர்த்தம் இல்லை. கட்டிவிட்டுப் பிறகு ரீஇம்பர்ஸ்மென்ட் போடுங்கள்." வளையலும் ஆரமும் அடகுக்குப் போனது, 3,40,000 கட்டினோம்.

ரீஇம்பர்ஸ்மென்ட்டும் மறுப்பு. காரணம்: பிஎம்ஐ 34.1. எனக்குப் புரியவே இல்லை. எடை 88.5 என்று சரியாகத்தான் இருந்தது. உயரத்தைப் பார்த்தேன், 161. நான் 158. எங்கிருந்து வந்தது மூன்று சென்டிமீட்டர்? அப்புறம்தான் நினைவு வந்தது. அட்மிஷன் அன்று காலை அந்த நர்ஸ் தங்கை செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை. மேலே இருந்து இறங்கும் கட்டை என் கொண்டையில் தட்டி நின்றது. கொண்டையின் உயரத்தை என் உயரமாக எழுதிவிட்டாள்.

சிரிப்பு வருகிறதா? எனக்கு அப்போது அழுகைதான் வந்தது. மருத்துவமனை திருத்திய சான்று கொடுத்தது. கிளெய்முக்காகப் பின்னால் திருத்தியது என்று கம்பெனி ஏற்கவில்லை. என்னைக் காப்பாற்றியது ஐந்து மாதம் முன்பு வேறு இடத்தில் எடுத்த தூக்கப் பரிசோதனை ரிப்போர்ட். அதன் முதல் பக்க மூலையில் உயரம் 158, எடை 91 என்று இருந்தது. அந்த மூலை இல்லையென்றால் என் ஆரம் இன்றும் அடகுக் கடையில்தான்.

கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதி, அங்கேயும் இல்லை என்ற பிறகு, சென்னை தேனாம்பேட்டையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் (பாலிசிதாரர் புகார்களை விசாரித்துத் தீர்ப்பவர்) அலுவலகத்துக்கு அனுப்பினேன். ஃபீஸ் கிடையாது, வக்கீல் தேவையில்லை. விசாரணை வீடியோவில் நடந்தது, இருபது நிமிடம்கூட இல்லை. 2,86,000 கொடுக்கச் சொல்லி உத்தரவு.

முன்னாள்_டிபிஏ | நவம்பர் 11

மல்லிகா அக்கா, கொண்டை கேஸ் நான் பார்த்ததில்லை, ஆனால் செருப்பு கேஸ் நிறைய உண்டு. உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுப்பதால் மூன்று சென்டிமீட்டரே பிஎம்ஐயில் ஒரு புள்ளிக்கு மேல் சாப்பிட்டுவிடும்.

ஆம்புட்ஸ்மேனிடம் போக நினைப்பவர்களுக்கு: முதலில் கம்பெனிக்கு எழுத வேண்டும். அவர்கள் மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் வராவிட்டாலோ, அங்கிருந்து ஒரு வருடத்துக்குள் மனு கொடுக்க வேண்டும். 50 லட்சம் வரையிலான கேஸ்களை எடுப்பார்கள். தேனாம்பேட்டை அலுவலகம் தமிழ்நாட்டோடு புதுச்சேரியையும் பார்க்கிறது. நுகர்வோர் நீதிமன்றத்தில் ஏற்கெனவே வழக்கு போட்டிருந்தால் இங்கே எடுக்கமாட்டார்கள்.

டயட்_தாமரை | நவம்பர் 12

நான் கோவையில் டயட்டீஷியன், பேரியாட்ரிக் பிரிவில் வேலை. இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன் பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை கலோரி குறைந்த உணவு கொடுப்போம், பெரும்பாலும் திரவம். ஈரலில் இருக்கும் கொழுப்பு குறைந்தால்தான் சர்ஜனுக்கு இரைப்பை கைக்கு எட்டும். அந்த நாட்களில் மூன்று நான்கு கிலோ இறங்கிவிடும். 35.5இல் இருந்தவர் அட்மிஷன் அன்று 34க்கு வந்துவிடுவார், கம்பெனி அட்மிஷன் தாளைப் பிடித்துக்கொள்ளும். அதனால் திரவ உணவு தொடங்கும் நாளில் எடையை எழுதி, "ஆபரேஷனுக்கான தயாரிப்பு உணவு இன்று தொடங்குகிறது" என்று டாக்டர் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நான் இப்போது யாரையும் இது இல்லாமல் அனுப்புவதில்லை.

அடுத்தது, தோற்ற கதையை எழுதும் விதம். "பல வருடங்களாக டயட்டில் இருந்தும் பயனில்லை" என்று ஒரு வரி இருந்தால் அது குப்பை. நான் எழுதுவது இப்படி: இந்தத் தேதி, எடை இவ்வளவு, கொடுத்த உணவு 1,200 கலோரி, கடைப்பிடித்தது வாரத்தில் ஐந்து நாள், இரண்டு நாள் விட்டதற்குக் காரணம் பள்ளித் தேர்வுப் பணி, அடுத்த வருகையில் எடை இவ்வளவு. விட்ட நாளையும் எழுதச் சொல்லுங்கள். ஒழுங்கான வருகைப் பதிவேடு பொய்போல் தெரியும், கோணல்மாணலாக இருப்பதைத்தான் நம்புவார்கள்.

ராசிபுரம்_கார்த்தி | நவம்பர் 12

இடையில் ஒரு கேள்வி. எடை குறைக்கும் மவுஞ்சாரோ ஊசிக்கு எந்தப் பாலிசியாவது பணம் தருகிறதா? மாதம் சம்பளத்தில் நல்ல பங்கு அதற்கே போகிறது.

முன்னாள்_டிபிஏ | நவம்பர் 12

படுக்கையில் சேராமல் வீட்டில் போட்டுக்கொள்ளும் ஊசி, அதனால் சாதாரண பாலிசியில் இல்லை. ஓபிடி ரைடரில் மருந்துச் செலவு இருந்தால், சர்க்கரைக்காக எழுதிய சீட்டு என்றால் வாய்ப்பு உண்டு. எடைக்காக என்று எழுதியிருந்தால் அங்கேயும் தலையைச் சொறிவார்கள். 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், வாரம் ஒன்று. கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். இதேபோன்ற இன்னொரு மருந்தான செமாக்ளூடைடின் காப்புரிமை இங்கே 2026 மார்ச்சில் முடிகிறது, மலிவான தயாரிப்புகள் வரும் என்று மருந்துக் கடைக்காரர்கள் காத்திருக்கிறார்கள். சீட்டில் டாக்டர் சர்க்கரையைக் குறிப்பிடுவது உண்மையாக இருந்தால் மட்டும் குறிப்பிடட்டும், கிளெய்முக்காக எழுதச் சொல்லாதீர்கள்.

நடராஜன்67 | நவம்பர் 12

மல்லிகா அம்மா, நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். என் தங்கைக்கும் இதே கஷ்டம் உண்டு என்பது நேற்று ராத்திரிதான் உறைத்தது. அவளும் வருடக்கணக்காக நடக்கிறாள்.

பவானிக்கரை | நவம்பர் 14

எல்லோருக்கும் நன்றி. மாமா இரண்டு நாள் தூங்கவில்லை, பிறகு எழுதிக் கொடுத்துவிட்டார். அக்கா திட்டத்தில் சேர்ந்துவிட்டாள். தாமரை மேடம் சொன்னபடி ஒரு நோட்டு போட்டிருக்கிறோம். முதல் பக்கத்தில் உயரம் 162, வெறுங்காலில், கொண்டை இல்லாமல் என்று அக்காவே எழுதி வைத்திருக்கிறாள். டயட்டீஷியன் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

பவானிக்கரை | 2026 மே 24

பழைய இழைதான், ஆனால் முடிவு சொல்லாமல் விடுவது நன்றாக இருக்காது.

கம்பெனி பாலிசியை ரத்து செய்யவில்லை. ஜனவரியில் ஒரு மெடிக்கல் செக்கப் கேட்டார்கள், மார்ச் ரினியூவலில் லோடிங் போட்டு ப்ரீமியத்தை ஏற்றினார்கள். போன செப்டம்பர் 22லிருந்து தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் ஏற்றியதில் பெரும்பகுதி அதிலேயே ஈடாகிவிட்டது. சேகர் அண்ணன் பயந்தது நடக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

ஆபரேஷன் விஷயம்தான் வேடிக்கை. மூன்றாவது மாதம் டாக்டர் ஊசி தொடங்கினார். இப்போது அக்கா 88 கிலோ. எச்பிஏ1சி 7.2. பிஎம்ஐ 33.5. ஆறு மாதமாகத் தோற்றதை நிரூபிக்க நோட்டு எழுதினோம், நோட்டு வேறு கதை சொல்கிறது. ஆபரேஷன் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். இனி கேட்டாலும் பாலிசியில் வராது.

திட்டமும் ஊசியுமாகச் சேர்த்து 80,000க்கு மேல் கைக்காசு போனது. கம்பெனிக்கு நாலு லட்சம் மிச்சம். மாமாவுக்கு இதை நினைத்தால் சந்தோஷப்படுவதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "அந்த நாலு லட்சத்தில் எனக்கு ஒரு ஊசிக் காசாவது தரக்கூடாதா?" என்று பாலிசிப் புத்தகத்தைப் பார்த்துக் கேட்கிறார்.

முன்னாள்_டிபிஏ | மே 24

மாமா கேட்டது நான் வேலை பார்த்த பத்து வருடமும் எனக்குள் ஓடிய கேள்வி. பதில் கிடைக்கவில்லை.

நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஊசியை நிறுத்தினால் பலருக்கு எடை திரும்புகிறது. திரும்பினால் இந்த நோட்டுதான் முதல் காகிதம்.

டயட்_தாமரை | மே 25

மிக்க மகிழ்ச்சி. எடையோடு தசையும் இறங்கும், புரதத்தை விட்டுவிட வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லுங்கள். மேசையைப் பிடிக்காமல் நிற்கிறார்களா?

பவானிக்கரை | மே 25

லீவு விட்டாயிற்று மேடம், ஜூனில் பள்ளி திறந்ததும் பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் அடுப்படி மேடையைப் பிடிப்பதில்லை.